வைகாசி மொட்டு

அக்கா மகளுக்குப் பெண்ணழைப்பு மாலை ஏழு மணிக்கு. அவள் ஜடையில் ஏற வேண்டிய மல்லிகை மொட்டுகள் அன்று விடியற்காலை மூன்று மணிக்கு இன்னும் செடியில்தான் இருந்தன. நடுவில் பதினாறு மணி நேரம். ஆனால் அந்த மொட்டின் கதை பல வருடங்களுக்கு முன்பே, பாம்பன் தீவின் மணலில் தொடங்கிவிட்டது.

குண்டுமல்லி விதை பிடிப்பது அபூர்வம். பூத்து, மணந்து, பெரும்பாலும் காய்க்காமலே உதிர்ந்துவிடும். அதனால் வெட்டிய குச்சியை வேர்பிடிக்க வைத்துத்தான் இந்தச் செடியைப் பெருக்குகிறார்கள். இராமேசுவரத்துக்குப் பக்கத்தில் உள்ள தங்கச்சிமடத்துக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். கடலோர மணற்பாத்தியில் குச்சிகளை நெருக்கி நட்டு, தண்ணீர் தெளித்து, வேர் பிடித்ததும் கட்டுக் கட்டாக அனுப்புகிறார்கள். பாம்பன் பாலத்தைக் கடந்து வரும் அந்த நாற்றுகள்தான் மதுரை, திண்டுக்கல் வட்டாரத்துத் தோட்டங்களில் வேர் ஊன்றுகின்றன.

அங்கே ஒன்றரை அடிக் குழி, செடிக்குச் செடி நாலடி இடைவெளி. நட்ட ஆறு மாதத்தில் பூ காட்டும். ஆனால் மூன்றாம் வருடம்தான் கை நிறையக் கொடுக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருடம் நிற்கும். ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில் கவாத்து. தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டு, மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிடுவார்கள். மார்கழியில் அந்தத் தோட்டத்தைப் பார்த்தால் பட்டுப்போன குச்சிகள் என்றே தோன்றும். பூ அருகி, விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும் காலமும் அதுதான். பிறகு வெயில் ஏறத் தொடங்கியதும் வெட்டின இடத்திலிருந்து தளிர் கிளம்பும். மல்லிகை பழைய கொப்பில் பூப்பதில்லை. புதுத்தளிரின் நுனியில்தான் அரும்பு வைக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி என்று கல்யாணங்கள் வரிசை கட்டும் காலத்தில் தோட்டம் வெள்ளைவெளேர் என்று நிற்பதற்குக் காரணம், கார்த்திகையில் துணிந்து வெட்டிய அந்தக் கத்திதான்.

பறிப்பது இருட்டில். நெற்றியில் கட்டிய விளக்கு, இடுப்பில் மடி, இரண்டு கையும் செடியில். இன்று மாலை விரியப்போகும் மொட்டு உப்பி, முழு வெள்ளையாக இருக்கும். நாளைக்கு விரிய வேண்டியதில் இன்னும் பச்சை ஓடும். அந்த வேற்றுமையை விரல் நுனி கண்டுகொள்ள வேண்டும். பச்சையாகக் கிள்ளினால் மலராது. விட்டுவிட்டால் செடியிலேயே பூத்து வீணாகும். காம்போடு கிள்ள வேண்டும். காம்பு இல்லாத மொட்டைக் கட்ட முடியாது. மொட்டுப்புழு துளைத்ததை ஒதுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மொட்டுகள். ஆயிரக்கணக்கான முறை யோசித்துக் கிள்ளிய கைக்குக் கிலோக் கணக்கில்தான் கூலி.

வெளுக்கும் நேரத்தில் சாக்குகள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வந்துசேர்ந்தன. தடித்த இதழும் கட்டத் தோதான காம்பும் உள்ள இந்த மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கமிஷன் கடையில் அன்றைய விலையை முடிவுசெய்வது முகூர்த்த நாளும் வரத்தும்தான். விலை மணிக்கு மணி மாறும். மொட்டாக இருக்கும்வரைதான் மதிப்பு. மலிந்த நாளில் தேங்கிய பூ, வாசனைத் தைலம் எடுக்கும் ஆலைக்குச் சொற்ப விலைக்குப் போகும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிற பெட்டிகள் பனிக்கட்டியோடு விமான நிலையத்துக்குக் கிளம்பின. எங்கள் இரண்டு கிலோ, ஈரத்துணி போர்த்தி, ஒன்பது மணிக்கு வீட்டு முற்றத்துக்கு வந்தது.

ஜடை தைக்க வந்த பெண்மணி முதலில் மொட்டைத் தொடவில்லை. மணப்பெண்ணின் பின்னலை அளந்து, அந்த நீளத்துக்கு வாழைப்பட்டையை நறுக்கிக்கொண்டார். “பட்டையில இருக்குற ஈரமே போதும். பூவுல தண்ணி ஊத்திராதீங்கம்மா, கறுத்துப்போகும்” என்றார். பிறகு ஊசியும் நூலும். எல்லா மொட்டும் ஒரே பக்கம் தலைவைத்து, வரிசை வரிசையாக, இடையில் பட்டை தெரியாதபடி அடைத்துத் தைத்தார். ஓரத்துக்குக் கனகாம்பரம், நடுவில் சாணுக்கு ஒரு சிவப்பு ரோஜா. அவருடைய மகள் பக்கத்தில் உட்கார்ந்து, மீதி மொட்டை வாழைநாரில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாக வைத்துச் சுண்டி முடிந்துகொண்டிருந்தாள். முடிச்சு இறுகினால் காம்பு அறும், தளர்ந்தால் பூ உருவிக்கொள்ளும். அவள் தன் கையைப் பார்க்கவே இல்லை. மூன்று மணிக்கு ஜடை முடிந்தது. வெயில் படாத உள்ளறையில், பாயில் கிடத்தினோம்.

ஐந்தரைக்குச் சவுரி வைத்துப் பின்னி, ஜடையைக் கட்டி, நுனியில் குஞ்சலம் மாட்டினார்கள். அப்போதும் மொட்டு மொட்டுதான். மணமும் அடக்கமாகவே இருந்தது. அந்தி மங்கியபின் மலர்வது மல்லிகையின் சுபாவம். இரவில் பறக்கும் பூச்சிகளை அழைக்கத்தான் அந்த வெள்ளையும் வாசனையும். மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தபோது முதல் வரிசை இதழ் அவிழ்ந்திருந்தது. நலங்கு முடிவதற்குள் முதுகு முழுக்க வெள்ளை. செடியில் நிகழ வேண்டியது, ஒரு துளி நேரம் பிசகாமல், அவள் முதுகில் நிகழ்ந்தது. அத்தனை பேரும் பதினாறு மணி நேரம் காத்துக்கொடுத்தது இந்த ஒரு மலர்ச்சியைத்தான்.

மறுநாள் முகூர்த்தத்துக்குப் புதுச்சரம் வந்தது. அவிழ்த்து வைத்த ஜடையில் இதழெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்ட அம்மாச்சி முகர்ந்து பார்த்து, “என் கல்யாணத்துலயும் இதே வாசந்தான்டி” என்றாள்.

வயதானவர் பேச்சு என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. விதையிலிருந்து வந்திருந்தால் ஒவ்வொரு செடியும் ஒரு புது உயிர். இது குச்சியிலிருந்து குச்சியாக வந்தது. ஒரே செடியின் உடம்பு, வெட்ட வெட்ட, தலைமுறை தாண்டி வளர்ந்துகொண்டே இருக்கிறது. தானாக விதை போட்டுப் பெருக முடியாத செடியை இத்தனை காலம் பிழைக்க வைத்திருப்பவர்கள், குச்சி நடுகிறவர்களும் கவாத்துச் செய்கிறவர்களும் இருட்டில் கிள்ளுகிறவர்களும் தைக்கிறவர்களும்தான். அம்மாச்சி சொன்னது சரி. வாசம் அதேதான், செடியும் அதேதான். கைகள்தான் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.