கந்தலில் பிறந்த தொழில்கள்

'சுழற்சிப் பொருளாதாரம்' என்னும் தொடர் அண்மைக் காலத்தது. பயன்படுத்திக் கழித்த பொருளையே மீண்டும் மூலப்பொருளாக்குவது அதன் சாரம். இப்பணியில் இறங்கும் புதிய சிறு நிறுவனங்களை இன்று 'ஸ்டார்ட் அப்' என்கிறோம். பெயர்கள் புதியவையாயினும் முயற்சி பழையது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நடந்த இரண்டு முயற்சிகளையும், நம் காலத்தில் ஸ்வீடனில் நடந்த ஒன்றையும் அருகருகே வைத்து நோக்குவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் காகிதம் கந்தல்துணியிலிருந்தே செய்யப்பட்டது. அச்சுத்தொழில் பெருகப் பெருகக் கந்தலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அச்சிட்ட தாளிலிருந்து மையை நீக்கிப் புதுத்தாள் செய்யும் வழியை ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்துச் சட்ட அறிஞர் யுஸ்டுஸ் கிளாப்ரோட் 1774இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதைத் தொழிலாக நடத்த முனைந்தவர் மத்தியாஸ் கூப்ஸ். 1800இல் அவர் லண்டனில் காப்புரிமை பெற்றார். பெர்மாண்ட்ஸி பகுதியில் ஆலை நடத்தினார். வைக்கோலிலிருந்து செய்த தாளிலேயே தம் நூலை அச்சிட்டு மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் காணிக்கையாக்கினார். பின்னர் பெரும் முதல் திரட்டி வைக்கோல் தாளுக்கென மில்பேங்கில் பேராலை எழுப்பினார். சில ஆண்டுகளிலேயே கடன் அதை மூழ்கடித்தது. 1804இல் ஆலைப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. கூப்ஸின் தாளைத் தொட்டுப் பார்க்க அவருடைய நூற்படிகள் இன்றும் எஞ்சியுள்ளன. அவர் செய்முறையில் தோற்கவில்லை என்பதற்கு அவையே சான்று.

யார்க்‌ஷயரில் பேட்லி என்னும் ஊரைச் சேர்ந்தவர் பெஞ்சமின் லா. நெப்போலியப் போரினால் கம்பளி அருமையாகியிருந்த 1813ஆம் ஆண்டளவில், பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து இழையாக்கி, புதுக்கம்பளியோடு கலந்து நூற்கும் முறையை அவர் கண்டார். அவ்விழைக்கு 'ஷாடி' என்று பெயர். கந்தல் கிழிக்கும் எந்திரத்தைத் தொழிலாளர் 'பேய்' என்றே அழைத்தனர்.

இத்தொழில் நிலைத்ததற்குக் காரணம் எந்திரம் மட்டும் அன்று. தெருத்தெருவாகக் கந்தல் பொறுக்குவோர், வாங்கி விற்கும் வணிகர், நிறம்வாரியாகத் தரம் பிரித்துத் தையலையும் பொத்தானையும் அறுத்தெடுக்கும் பெண்கள் எனச் சுற்றிலும் ஒரு வலை உருவாயிற்று. ஐரோப்பா முழுவதிலிருந்தும் கந்தல் வந்திறங்கியது. ட்யூஸ்பரியில் ஏலங்கள் நடந்தன. நூற்க உதவாத கழிவும் வயலுக்கு எருவாயிற்று. மலிவான கம்பளத்துக்கும் சீருடைக்கும் வாங்குவோர் எப்போதும் இருந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) ஷாடிச் சீருடைகள் விரைவில் நைந்துபோனதால், ஆங்கிலத்தில் அச்சொல்லே 'மட்டமானது' என்று பொருள்படலாயிற்று. இவ்வளவுக்கும் விலையாகக் கந்தல் தூசியைச் சுவாசித்தவர்கள் 'ஷாடிக் காய்ச்சல்' கண்டனர் என்பதையும் மறத்தலாகாது. அதே தொழிலின் பெருமையும் தூசியும் இன்று நம் ஹரியானாவின் பானிப்பட்டில் தொடர்கின்றன.

இனி ஸ்வீடன். 2012இல் தோன்றிய ரீநியூசெல் நிறுவனம், பழைய பருத்தித் துணியைக் கூழாக்கி அதிலிருந்து புது இழைக்கு வழிசெய்தது. சுண்ட்ஸ்வால் நகரில் மூடிக்கிடந்த ஒரு காகித ஆலையில் 2022இல் பெருந்தொழிற்சாலை திறந்தது. ஆண்டுக்கு 60,000 டன் கூழ் தயாரிக்கும் திறன் அதற்கு இருந்தது. புகழ்பெற்ற ஆடை நிறுவனங்கள் பாராட்டின. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் கொள்முதல் வரவில்லை. 2024 பிப்ரவரியில் நிறுவனம் திவாலாயிற்று. அவ்வாண்டிலேயே வேறொரு முதலீட்டு நிறுவனம் அதை வாங்கி 'சர்குலோஸ்' என்ற பெயரில் மீண்டும் தொடங்கியது.

கூப்ஸுக்கும் ரீநியூசெல்லுக்கும் இடையே 220 ஆண்டுகள். இருவரிடமும் செய்முறை இருந்தது, புகழுரையும் இருந்தது. நிலையாக வாங்குவோர் பெருகுமுன் ஆலை பெருத்துவிட்டது. பேட்லியிலோ பொறுக்குவோரும் பிரிப்போரும் வாங்குவோரும் ஆலைகளோடு சேர்ந்தே படிப்படியாக வளர்ந்தனர். ஆகவே புதிய நிறுவனம் ஒன்று கழிவைச் செல்வமாக்குவதாகச் சொல்லும்போது, எந்திரத்தை வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. கழிவைக் கொண்டுவருபவர் யார், அவருக்குக் கிடைக்கும் கூலி என்ன, தூசி யார் நெஞ்சில் இறங்குகிறது, செய்த பொருளைத் தொடர்ந்து வாங்குவதாக எழுத்தில் ஒப்பியவர் யார் என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்கு விடையுள்ள நிறுவனமே நிலைக்கும். நிலைக்கத் தகுதியும் உடையது.