யார் கொடுத்த குருதி: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பிறந்த கதை

குழந்தை பிறந்த முதல் நாளே போடும் ஊசிகளில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஒன்று. தாய்க்கு நோய் இருந்தாலும் பிள்ளையைக் காக்கிற ஊசி அது. நியூயார்க் நகரத்துத் தன்பாலீர்ப்பு ஆண்களின் குருதியிலும் துணிவிலும் அது பிறந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் பி வைரஸை ஆய்வகத்தில் வளர்க்க வழியில்லாமல் இருந்தது. வழி காட்டியவர் பரூக் பிளம்பர்க். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதியில் அவர் கண்ட புரதம், இந்த வைரஸின் மேலுறை என்று பின்னர் தெரிந்தது. நோய் உடலிலேயே தங்கிவிட்டவர்களின் குருதியில் வெற்று உறைகள் ஏராளமாக மிதக்கும். அவற்றை மட்டும் பிரித்தெடுத்துச் செலுத்தினால் நோய் வராது, எதிர்ப்பாற்றல் வரும். ஆக, மருந்துக்கு மூலப்பொருள் நோயாளியின் குருதியேதான்.

சால் குருக்மன் என்ற மருத்துவர், நோயாளியின் குருதி நீரைக் கொதிக்கவைத்து, வில்லோபுரூக் காப்பகத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் போட்டு, பிறகு வேண்டுமென்றே கிருமியைச் செலுத்திப் பார்த்தார். ஓரளவு காத்தது. மறுக்கத் தெரியாத குழந்தைகள் மீது நடந்த சோதனையை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மெர்க் நிறுவனத்தின் மாரிஸ் ஹில்லமன், நோய் தங்கியவர்களிடமிருந்து பிளாஸ்மாவை, அதாவது குருதியின் நீர்ப்பகுதியை, திரட்டினார். கொடுத்தவர்களில் தன்பாலீர்ப்பு ஆண்கள் பலர். பெப்சின், யூரியா, ஃபார்மால்டிஹைடு என்று மூன்று முறை அதைச் சுத்திகரித்து, எந்தக் கிருமியும் பிழைக்காதபடி செய்தார்.

அடுத்து, அதை மனிதர்களிடம் சோதிக்க வேண்டும். நியூயார்க் குருதி மையத்தின் வோல்ஃப் ஷ்முனெஸ், நாஜிகளிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்து யூதர். உடலுறவு வழியாகவும் பரவும் இந்நோய் தன்பாலீர்ப்பு ஆண்களை மிக அதிகமாகத் தாக்குவதைக் கணக்கெடுத்துக் கண்டவர். 1978 நவம்பரில் அந்த ஆண்களிடையே அவர் சோதனையைத் தொடங்கினார். 1083 ஆண்கள் முன்வந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் மூன்று ஊசி, அதன் பிறகும் திரும்பத் திரும்பக் குருதிப் பரிசோதனை. நியூயார்க் மாநிலத்தில் 1980 வரை தன்பாலுறவு சட்டப்படி குற்றம். அந்தக் காலத்தில்தான் இவர்கள் பெயர் கொடுத்துக் கை நீட்டினார்கள்.

1980இல் முடிவு வந்தது: ஊசி போட்டவர்களிடம் நோய் 92 சதவீதம் குறைந்திருந்தது. 1981 நவம்பரில் உரிமம் கிடைத்தது. அதே ஆண்டுதான் எய்ட்ஸ் வெளிப்பட்டது. தன்பாலீர்ப்பு ஆண்களின் பிளாஸ்மாவா என்று மருத்துவர்களும் செவிலியர்களுமே போட்டுக்கொள்ளத் தயங்கினார்கள். ஹில்லமனின் சுத்திகரிப்பு எய்ட்ஸ் கிருமியையும் அழித்துவிடும் என்று பின்னர் நிரூபணமாயிற்று. 1986இல் ஈஸ்டில் அந்த உறையை வளர்க்கும் புதிய ஊசி வந்ததும் குருதியே தேவையற்றுப் போனது.

பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. 1994 முதல் 1998 வரை ஏழு அமெரிக்கப் பெருநகர்ப் பகுதிகளில், ஆண்களோடு உறவுகொள்ளும் 15 முதல் 22 வயது இளைஞர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. தடுப்பூசி போட்டிருந்தவர்கள் 9 சதவீதம். நோய்த்தொற்றின் தடயம் இருந்தவர்கள் 11 சதவீதம். பதினைந்து வயதினரில் 2 சதவீதமாக இருந்த தொற்று, இருபத்திரண்டு வயதினரில் 17 சதவீதம். ஆய்வில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் ஏதோ ஒரு மருத்துவரிடமோ பரிசோதனை மையத்துக்கோ போய்வந்தவர்கள். வாசல் வரை வந்த பிள்ளைகளுக்கு ஊசியைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. மூத்தவர்கள் கொடுத்த குருதியில் உருவான மருந்து, அவர்களின் இளையவர்களுக்கே எட்டவில்லை.

மருத்துவர்களே, செவிலியர்களே, உங்களிடம் வரும் இளைஞன் யாரை நேசித்தாலும் முகம் சுளிக்காமல் ஒன்று கேளுங்கள்: ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாயா? இல்லையென்றால் அன்றே முதல் ஊசியைப் போட்டு அனுப்புங்கள்.