கலசப்பாக்கம் தொகுதி எல்லை வரையறை

கலசப்பாக்கம் சட்டமன்றத் தொகுதி தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் சவ்வாது மலையின் ஒரு பகுதியையும் அதன் அடிவாரச் சமவெளி ஊர்களையும் உள்ளடக்கிய தொகுதியாகும். 2008 தொகுதி மறுசீரமைப்பில் இதற்கு 65 என்ற எண் வழங்கப்பட்டது. மலைவாழ் மக்களும் சமவெளி மக்களும் ஒரே தொகுதியில் வாக்களிப்பதால், தொகுதி எல்லை வரையறை விதிகள் நடைமுறையில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதற்கு இத்தொகுதி நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

எல்லையை வரைவோர்

ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் தொகுதி எல்லைகளைச் சட்டமன்றமே வரைகின்றது. ஆளுங்கட்சி தனக்கு ஏற்றவாறு எல்லையை வளைத்துக்கொள்வதாக அங்கு 1812 முதலே குற்றச்சாட்டு உண்டு. இந்தியாவில் இப்பணி தனி ஆணையத்திடம் ஒப்படைக்கப்படுகின்றது. 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆணையத்திற்கு உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமை வகித்தார். பெரும்பாலான மாநிலங்களில் ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக இருந்தனர். அவர்கள் கருத்துக் கூறலாம். வாக்களிக்கவோ முடிவில் கையொப்பமிடவோ இயலாது. தம் தொகுதியின் எல்லையைத் தாமே முடிவு செய்ய இடமளிக்காத இவ்வேற்பாடு சட்டத்தின் சிறந்த கூறுகளுள் ஒன்று.

வரைவு அரசிதழில் வெளியிடப்பட்டு, பொது அமர்வுகளில் மறுப்புகள் கேட்கப்பட்ட பின்னரே இறுதி ஆணை வரும். அதன்பின் அதை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாது என்று 1966 இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் வெளிப்படையாகத் தன்னிச்சையான ஆணையை நீதிமன்றம் ஆராயலாம் என 2024 இல் அதே நீதிமன்றம் கூறியது.

மாவட்டத்தின் பங்கு

சட்டமன்ற இடங்களின் எண்ணிக்கை 234 என்றே நிலைநிறுத்தப்பட்டிருந்ததால், மாவட்டங்களுக்கு இடையிலான பங்கீடும் எல்லைகளும் மட்டுமே மாற்றப்பட்டன. 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. இதை 234 ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 2,66,691 பேர். திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை 21,86,125. சராசரியால் வகுத்தால் 8.2. எனவே ஒன்பது தொகுதிகள் எட்டாகக் குறைந்தன. தண்டராம்பட்டு, பெரணமல்லூர் ஆகியவை நீக்கப்பட்டன, கீழ்பெண்ணாத்தூர் புதிதாக உருவானது, கலசப்பாக்கம் நிலைத்தது.

மலையும் எல்லையும்

தொகுதி நிலப்பரப்பால் ஒருங்கிணைந்திருக்க வேண்டும். இயற்கை அமைப்பு, நிருவாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்கள் வசதி ஆகியவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. சமவெளியில் இவை பெரும்பாலும் ஒத்துப்போகும். மலையில் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

சவ்வாது மலை ஒரே மலைத்தொடராயினும் அப்போது திருவண்ணாமலை, வேலூர் ஆகிய இரு மாவட்டங்களில் பரவியிருந்தது. 2019 இல் திருப்பத்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் இது மூன்றாயிற்று. தொகுதி இயன்றவரை ஒரே மாவட்டத்திற்குள் அமைய வேண்டும் என்பதால், ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த பகுதி கலசப்பாக்கத்திலும், பீஞ்சமந்தை போன்ற ஊர்கள் அணைக்கட்டுத் தொகுதியிலும் அமைந்தன. மேலும், ஜமுனாமரத்தூருக்கு ஏறும் முதன்மைச் சாலைகளுள் ஒன்று போளூரிலிருந்து செல்கின்றது. ஆனால் போளூர் நகரம் வேறு சட்டமன்றத் தொகுதியிலும், ஆரணி மக்களவைத் தொகுதியிலும் உள்ளது. கலசப்பாக்கமோ திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியில், மலைக்கு அப்பாலுள்ள திருப்பத்தூர், ஜோலார்பேட்டை ஆகியவற்றுடன் சேர்க்கப்பட்டது.

பழங்குடியினர் ஒதுக்கீடு

சவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர் ஆவர். (பெயர் ஒற்றுமை இருப்பினும் இவர்கள் கேரள மலையாளிகள் அல்லர், தமிழ் பேசுவோர்.) எனினும் கலசப்பாக்கம் பொதுத் தொகுதியே. இதற்கு இரு காரணங்கள் உள்ளன.

முதலாவது எண்ணிக்கை. 2001 இல் தமிழ்நாட்டின் பழங்குடியினர் 6,51,321 பேர், மக்கள்தொகையில் 1.04 விழுக்காடு. 234 இடங்களில் இவர்களின் பங்கு 2.44 என வருவதால் இரண்டு இடங்களே ஒதுக்கப்பட்டன. முன்பிருந்த மூன்றில் உப்பிலியபுரம் நீக்கப்பட்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும் எஞ்சின.

இரண்டாவது இடத்தெரிவு. பட்டியல் சாதியினருக்கான தொகுதிகளை மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் பரவலாக அமைக்க வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. பழங்குடியினருக்கு அவ்வாறு பரவலாக்கும் விதி இல்லை. அவர்களின் விகிதம் மிக உயர்ந்துள்ள இடங்களே தெரிவு செய்யப்படும். ஒரு மலையின் மக்கள் இரு மாவட்டங்களில் பிரிந்து, ஒவ்வொரு பகுதியும் மக்கள் நெருங்கி வாழும் சமவெளியுடன் இணைக்கப்படும்போது அவ்விகிதம் தானே குறைந்துவிடுகின்றது. ஒவ்வொரு விதியும் தன்னளவில் நியாயமானதே. அவை ஒன்றுசேரும்போது ஏற்படும் விளைவை மலைமக்களே சுமக்கின்றனர்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். மொத்த மக்கள்தொகை 7,21,47,030. இதே முறையில் கணக்கிட்டால் பங்கு 2.58, அதாவது மூன்று இடங்கள். ஆனால் 2001 இல் நிறைவேறிய 84 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மறு ஒதுக்கீட்டை 2026 க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை தள்ளிவைத்ததால், 2011 எண்கள் இதற்குப் பயன்படுத்தப்படவில்லை. மூன்றாம் இடம் கிடைப்பினும் அது சவ்வாது மலைக்கு வரவேண்டுமாயின், மலைக்கிராமங்களை மூன்று மாவட்ட எல்லைகளைக் கடந்து ஒரே தொகுதியில் சேர்க்கலாமா என்ற கேள்வியை ஆணையம் முதலில் தீர்க்க வேண்டியிருக்கும்.