தேறிய எந்திரமும் தேறாத கலனும்: ஹைட்ரஜன் காரின் வரலாறு

ஹைட்ரஜன் காரை நாளைய கார் என்று சொல்லியே பழகிவிட்டோம். வரலாற்றில் அது பெட்ரோல் காருக்கு மூத்தது. கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1886. அதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் முன்பே, 1807இல், சுவிட்சர்லாந்தின் பிரான்சுவா ஐசக் டி ரிவாஸ், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து வெடிக்கும் விசையால் இயங்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதை ஒரு வண்டியில் பூட்டிச் சிறிது தூரம் ஓட்டவும் செய்தார். வாயுவை ஒரு பையில் அடைத்து வைத்திருந்தார்.

பின்வந்த இருநூறு ஆண்டுச் சிக்கலுக்கு வேர் அந்தப் பையில்தான் இருக்கிறது. ஹைட்ரஜன் வண்டி தோற்ற ஒவ்வொரு கட்டத்தையும் ஆராய்ந்தால், எந்திரம் ஓடியிருக்கிறது. எரிபொருளைச் சுமக்கவும் வண்டிவரை கொண்டு சேர்க்கவும்தான் வழி பிறக்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். காரணம் எளிய கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 கிலோவாட் மணிக்குச் சற்றுக் கூடுதலான ஆற்றல் உண்டு. பெட்ரோலில் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் கார் சுமப்பது எடையை மட்டுமல்ல, கன அளவையும்தான். 700 பார் அழுத்தத்தில் திணித்தாலும் ஒரு லிட்டர் ஹைட்ரஜனின் ஆற்றல் பெட்ரோலில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான்.

எரிபொருள் கலத்தின் அடிப்படையை 1839இல் வில்லியம் குரோவ் காட்டினார். ஹைட்ரஜனை எரிக்காமல், ஆக்சிஜனோடு சேர்த்து நேரடியாக மின்சாரம் பெறும் முறை அது. அது நடைமுறைக்கு வர 120 ஆண்டுகள் பிடித்தன. 1959இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் 5 கிலோவாட் கலத்தை இயக்கிக் காட்டினார். அதன் வழிவந்த கலங்கள் அப்பல்லோ விண்கலங்களுக்கு மின்சாரம் தந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் எரிபொருள் கலத்தால் ஒரு டிராக்டரை உழவைத்தது.

1966இல் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த எலக்ட்ரோவேன் இந்த வரலாற்றின் மிகத் தெளிவான சான்று. யூனியன் கார்பைடு தந்த 32 கல அடுக்குகள், திரவ ஹைட்ரஜனுக்கு ஒரு தொட்டி, திரவ ஆக்சிஜனுக்கு இன்னொன்று, இவற்றை இணைக்கும் நீண்ட குழாய்கள்: எல்லாம் சேர்ந்து வேனின் எடையை மூன்று டன்னுக்கு மேல் ஏற்றின. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய அந்த வேனில் இரண்டு பேர் உட்காரத்தான் இடம் மிஞ்சியது. பாதுகாப்பு கருதி நிறுவன வளாகத்துக்குள்ளேயே ஓடி நின்றுவிட்டது.

அதே யூனியன் கார்பைடில் பணியாற்றிய ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் கோர்டெஷ் வேறு வழியைத் தேர்ந்தார். என் கணிப்பில் இத்துறையின் உண்மையான முன்னோடி இவரே. தம் ஆஸ்டின் ஏ40 காரின் கூரைமேல் ஹைட்ரஜன் உருளைகளைப் பொருத்தினார். ஆக்சிஜனைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுத்தார். ஏற்றத்தில் தேவைப்படும் கூடுதல் விசைக்குச் சாதாரண ஈய-அமில பேட்டரியைத் துணைக்கு வைத்தார். 1970 முதல் மூன்று ஆண்டுகள்போல ஒஹையோவின் பொதுச் சாலைகளில் அதை ஓட்டினார். காற்று, கலம், துணைக்கு பேட்டரி என்ற அந்த அமைப்புதான் இன்றைய ஹைட்ரஜன் கார்களிலும் உள்ளது. ஆயினும் அவர் காருக்கு எரிவாயு தர ஊரில் ஒரு பங்க் கூட இல்லை.

1973 எண்ணெய் நெருக்கடி ஆர்வத்தைத் தூண்டியது. எண்ணெய் விலை சரிந்ததும் அது தணிந்தது. எந்திரத்தின் மீது நியாயமாகச் சொல்லத்தக்க குறை ஒன்று உண்டு: வினையூக்கியான பிளாட்டினத்தின் விலை. 1980களில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் அதன் தேவையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தனர். கனடாவின் பல்லார்ட் நிறுவனம் கலத்தைச் சிறிதாக்கியது. அக்கலங்களோடு 1994இல் டைம்லர்-பென்ஸ் வெளியிட்ட நெகார் வேனிலும் கருவிகள் போக மிஞ்சியது இரண்டு இருக்கைகளே.

பிஎம்டபிள்யூ 2006இல் அறிவித்த ஹைட்ரஜன் 7 காரோ எரிபொருளை −253 டிகிரி செல்சியஸில் திரவமாகச் சுமந்தது. வண்டியைச் சில நாள் நிறுத்தி வைத்தாலே தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் ஆவியாகி வெளியேறியது. ஏறத்தாழ நூறு கார்களோடு அம்முயற்சி முடிந்தது.

டொயோட்டா 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட மிராய், கலன் சிக்கலில் பெரும்பகுதியைத் தீர்த்தது. கரி இழையால் வலுவூட்டிய தொட்டிகளில் 700 பார் அழுத்தத்தில் சுமார் 5 கிலோ ஹைட்ரஜன்; நிரப்பச் சில நிமிடங்கள் போதும். இப்போது சிக்கல் காரைவிட்டுச் சாலையோரத்துக்கு இடம் மாறியது. அழுத்தவும் குளிர்விக்கவும் வேண்டிய நிலையம் அமைக்கச் செலவு அதிகம். கார்கள் குறைவாக இருப்பதால் வருமானமில்லை. நிலையங்கள் குறைவாக இருப்பதால் கார்கள் பெருகவில்லை. 2024 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை ஷெல் மூடியது. உலகில் உற்பத்தியாகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவதால், பெட்ரோலுக்கு மாற்று என்ற உரிமைக்கோரலும் பாதியளவே நிற்கிறது. நீரை மின்னாற்பகுத்து எடுத்தாலோ, செலவிட்ட மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே சக்கரத்தை எட்டும். பேட்டரி காரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எட்டிவிடும்.

ஆகவே தனியார் காரில் இந்தத் தொழில்நுட்பம் வெல்லும் வாய்ப்பு குறைவென்றே கருதுகிறேன். பேருந்தின் நிலை வேறு. அது தினமும் ஒரே பணிமனைக்குத் திரும்புகிறது; ஒரே நிலையம் பல வண்டிகளுக்குப் போதும்; தொட்டிகளுக்குக் கூரைமேல் இடமுண்டு. இந்தியன் ஆயில் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் 2023 செப்டம்பரில் டெல்லியில் ஹைட்ரஜன் பேருந்துகளைச் சோதனைக்கு விட்டபோது, எரிபொருளும் வண்டியும் ஒரே திட்டத்தின் இரு பாதிகளாக இந்தியச் சாலைக்கு வந்தன.