வயரிங் தொகுதிக் குறைப்பு

வயரிங் தொகுதிக் குறைப்பு என்பது, ஒரு பழைய மோட்டார் வாகனத்திலிருந்து எடுக்கப்பட்ட மின்கம்பித் தொகுதியில், புதிதாக உருவாகும் வண்டிக்குத் தேவையான சுற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை முனை முதல் முனை வரை தேடிப் பிரித்து நீக்கும் தொழில்முறையாகும். தனி ஒருவரால் பாகம் பாகமாகக் கட்டப்படும் 'கிட் கார்'களிலும், வேறொரு வண்டியின் எஞ்சினை ஏற்கும் கார்களிலும் இஃது இன்றியமையாத கட்டம். மலேசியாவில், கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் சார்ந்த பட்டறைகளில், ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப் கட்' எனப்படும் அறுத்த முன்பாதி வண்டிகளின் வாணிகத்தோடு இணைந்து இது வளர்ந்திருக்கிறது.

தோற்றமும் பரவலும்

வண்டியைத் தானே கட்டிக்கொள்ளும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியதற்கு வரிமுறை ஒரு பிரதான காரணம். முழுமையாகக் கட்டப்பட்ட காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி, பாகங்களாக விற்கப்பட்ட காருக்கு இல்லாதிருந்தமையால், லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் போன்ற வண்டிகளைப் பாகங்களாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்வது நடுத்தர வருவாயினருக்கும் சாத்தியமாயிற்று. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அச்சலுகை மறைந்த பின்னரும் அவ்வழக்கம் நிலைத்தது. 1996இல் வெளியான ரான் சாம்பியனின் நூல், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றின் உறுப்புகளைக் கொண்டே சிறியதொரு விளையாட்டுக் காரைக் கட்டும் முறையை விளக்கிப் பலரை இத்துறைக்கு ஈர்த்தது. அவ்வாண்டே லோட்டஸ் நிறுவனம் மலேசியாவின் புரோட்டோன் வசமாகி, 2017 வரை அதனிடம் இருந்தது. சிட்னியில் 1986இல், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் உறுப்புகளை ஆதாரமாகக் கொண்டு கூரி சகோதரர்கள் தொடங்கிய புஃபோரி கார் நிறுவனமும், பின்னர் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்து, கைவேலைப்பாடு மிக்க கார்களை இங்கே கட்டலாயிற்று.

ஆயினும் இவ்வட்டாரத்தில் பெருவழக்காய் நிலவுவது எஞ்சின் மாற்றமே. 1985இல் ஷா ஆலமில் உற்பத்தியான புரோட்டோன் சாகாவும் அதன் பின்வந்த வீராவும் மிட்சுபிஷி வண்டிகளின் வழித்தோன்றல்கள்; 1994இல் வெளிவந்த பெரோடுவா காஞ்சில், டைஹாட்சு மிராவின் வழித்தோன்றல். ஆகவே ஜப்பானிய மூலவண்டிகளின் ஆற்றல்மிக்க எஞ்சின்கள் இவற்றில் அதிகச் சிரமமின்றிப் பொருந்துகின்றன. வீராவில் மிட்சுபிஷியின் 4ஜி93, 4ஜி63 டர்போ எஞ்சின்களும், காஞ்சிலில் மிராவின் 660 சிசி டர்போ எஞ்சினும் இவ்வாறு குடியேறியவை. ஜப்பானும் மலேசியாவும் சாலையின் இடப்புறம் செல்லும் நாடுகளாதலால், வலப்புற ஸ்டீரிங்குக்கு ஏற்ப அமைந்த கம்பித்தொகுதி இங்கும் அப்படியே பயன்படுவது மற்றோர் அனுகூலம்.

ஹாஃப் கட்டின் இயல்பு

ஜப்பானில் கட்டாய வாகனப் பரிசோதனையின் செலவு மிகுதியால் உரிமையாளர்கள் கைவிடும் கார்கள் பல, அங்கேயே குறுக்காக அறுக்கப்பட்டு, எஞ்சின், கியர்பெட்டி, இசியு எனும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, முன்சக்கர அமைப்பு ஆகியவற்றோடு கூடிய முன்பாதியாகக் கன்டெய்னர்களில் கிள்ளான் துறைமுகம் வந்து சேர்கின்றன. தனியாக எஞ்சினை வாங்குவதைவிட முன்பாதியை வாங்குவது மேல் என்று அனுபவசாலிகள் கருதுவதற்கு முக்கியக் காரணம், அந்த எஞ்சினுக்கே உரிய கம்பித்தொகுதியும் உடன் கிடைப்பதாகும். ஆனால் உடலை அறுத்த வாள் கம்பிகளையும் அறுத்தே விடுகிறது. பெட்ரோல் பம்ப்புக்கும் பின்விளக்குகளுக்கும் சென்ற கம்பிகள் பாதியில் துண்டிக்கப்பட்டு நிற்பதால், இங்குள்ள வயர்மேன், வேண்டாத கம்பிகளை நீக்குவதற்கு முன்பு, அறுபட்ட முனைகளில் வேண்டியவை எவையென்று கண்டறிந்து அவற்றை மீட்கும் கடமையையும் ஏற்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் இரயில்வே பணிகளில் தலைமுறைகளாக ஈடுபட்ட தமிழருக்கு யந்திரத் தொழில் புதிதன்று. சீனர், மலாய்க்காரர் ஆகியோருடன் அவர்களும் இத்தொழிலில் இருக்கின்றனர்.

தொகுதியின் அமைப்பு

வெளிப்பார்வைக்கு ஒரே கட்டாகத் தோன்றும் கம்பித்தொகுதி, எஞ்சின் கட்டுப்பாடு, மின்னேற்றம், விளக்குகள், டேஷ்போர்டு, வசதிச் சாதனங்கள் எனப் பல சுற்றுகள் பின்னிப் பிணைந்தது. ஜப்பானிய வரைபடங்களில் ஒவ்வொரு கம்பியும் அதன் நிறத்தாலும் அதன்மேல் ஓடும் கோட்டின் நிறத்தாலும் குறிக்கப்படும். கம்பியின் கனம் 0.5, 0.85, 1.25, 2 சதுர மில்லிமீட்டர் என்ற படிகளில் அமையும். டேப்பின் உள்ளே மறைந்திருக்கும் பிணைப்பு முடிச்சுகளே தொகுதியின் சூட்சுமம்: ஒரு கம்பி அங்கே பலவாகக் கிளைக்கிறது. இசியு பல சென்சார்களுக்குப் பொதுவாக அளிக்கும் 5 வோல்ட் மின்சாரமும், சென்சார்கள் இசியுவுக்கே திருப்பி அனுப்பும் எர்த்தும் இத்தகைய முடிச்சுகள் வழியே செல்வதால், ஒரு கிளையைக் கண்மூடி வெட்டுவது தொலைவிலுள்ள வேறோர் உறுப்பைச் செயலிழக்கச் செய்யும்.

குறைக்கும் முறை

முழு வண்டி கிடைக்கும் இடத்தில், எஞ்சின் அதிலேயே ஒழுங்காக ஓடுவதை உறுதிசெய்த பின்னரே தொகுதியைக் கழற்றத் தொடங்க வேண்டும். முன்பே இருந்த கோளாறும் வெட்டும்போது நேர்ந்த கோளாறும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் பிரித்தறிவது அரிது. ஒவ்வொரு கனெக்டருக்கும் பெயர்ச்சீட்டு கட்டி, எதையும் வெட்டாமல் தொகுதியை முழுமையாக வெளியே எடுத்து, பலகையின்மேல் வண்டியில் கிடந்த அதே வடிவில் பரப்பி, டேப்பை உரிப்பது அடுத்த கிரமம். பிறகு அந்த எஞ்சின் வகைக்கும் ஆண்டுக்கும் உரிய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரால் இரு முனைகளையும் சோதித்து, ஒவ்வொரு சுற்றையும் 'இருக்கட்டும்', 'போகட்டும்' என்று தாளில் வகைப்படுத்த வேண்டும். மின்கண்ணாடி, கதவுப்பூட்டு, ஏர்பேக், பின்கண்ணாடிச் சூடேற்றி, வானொலி முதலியவை பொதுவாக நீங்குபவை.

நீக்கப்படும் சுற்று, கனெக்டரிலிருந்து முனையை அதற்குரிய கருவியால் விடுவித்து, ஃபியூஸ் வரை முழுமையாக உருவப்பட வேண்டும். நடுவில் வெட்டி விடப்பட்ட கம்பி, மின்சாரம் தாங்கிய முனையாக டேப்புக்குள் பதுங்கி, ஒருநாள் உலோகத்தைத் தொட்டுத் தீ விபத்துக்குக் காரணமாகலாம். சில சுற்றுகளை நீக்கியவுடன், தொகுதியை எஞ்சினோடு இணைத்து இயக்கிப் பார்த்த பின்பே அடுத்தவற்றைத் தொடுதல் சிறந்த வழக்கம்.

இசியுவுக்கு எப்போதும் கிடைக்கும் 12 வோல்ட், சாவி திரும்பும்போது வரும் 12 வோல்ட், நல்ல எர்த், பிரதான ரிலே, பெட்ரோல் பம்ப் ரிலே, சென்சார்கள், இஞ்செக்டர்கள், பழுதறியும் கனெக்டர் ஆகியவை கைவைக்கத் தகாதவை. கிராங்க் சென்சார் முதலிய நுண்ணிய சைகைகளைச் சுமக்கும் கம்பிகளின் உலோக உறையையும் காக்க வேண்டும். வேண்டாததுபோல் தோன்றிப் பின்னர் வருத்துபவை மூன்று. டேஷ்போர்டின் சார்ஜ் விளக்கை எடுத்துவிட்டால், அதன் வழியே தூண்டுமின்சாரம் பெறும் ஆல்டர்னேட்டர் மின்னேற்றம் செய்யாது. அவ்விடத்தில் ஒரு விளக்கோ தகுந்த ரெசிஸ்டரோ வேண்டும். ஆட்டோ கியர்பெட்டியை நீக்கி மேனுவல் பொருத்தினால், ஸ்டார்ட்டர் சுற்றில் அமைந்த கியர்நிலை சுவிட்சின் இரு முனைகளையும், கிளட்ச் சுவிட்ச் வழியாகவேனும், இணைத்தாக வேண்டும். பிற்கால வண்டிகளில் இம்மொபிலைசர், சாவியோடும் இசியுவோடும் சேர்ந்தே வர வேண்டும்.

இணைப்பும் எர்த்தும் காப்பும்

கிட் கார் மூலவண்டியைவிடக் குட்டையாதலால் கம்பிகளைச் சுருக்க நேரும்போது, இணைப்புகள் அனைத்தும் ஓரிடத்தில் திரளாதபடி முன்பின்னாக அமைத்து, அழுத்தி இறுக்கி, சுருங்கும் குழாயிட்டு மூடுவது தக்கது. ஈயம் உருகிப் படர்ந்த இடத்தில் கம்பி விறைத்து, அதன் விளிம்பில் அதிர்வினால் முறியக்கூடுமாதலால், பற்றவைத்த இணைப்புக்குத் தாங்கல் அவசியம். ஃபியூஸ் காப்பது கம்பியையே. எனவே கம்பி மெலிந்தால் ஃபியூஸும் குறைய வேண்டும். இரும்பு உடலே எர்த்தாக இருந்த வண்டியின் தொகுதியை ஃபைபர்கிளாஸ் உடலில் இடும்போது, ஒவ்வொரு விளக்குக்கும் சேசிஸ் வரை தனி எர்த் கம்பி தேவைப்படும்.

வெப்பமும் இடைவிடா ஈரமும் நிறைந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் செம்பு பச்சை பூத்து அரிப்பது விரைவு. ஆகையால் ரப்பர் முத்திரையுள்ள கனெக்டர்களே உகந்தவை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளில் மூழ்கியவை போன்ற கார்களின் தொகுதி, உறைக்குள்ளும் நீர் ஊடுருவியிருக்கக் கூடுமாதலால், விலை எத்துணை மலிவாயினும் விலக்கத்தக்கது.

சட்டநிலையும் ஆவணமும்

மலேசியாவில் எஞ்சின் மாற்றத்துக்கு புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தின் பரிசோதனையும், சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் திருத்தமும் வேண்டும். எஞ்சினின் கொள்ளளவு மாறினால் சாலை வரியும் மாறும். முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு, சைகை விளக்கு, ஹாரன், வைப்பர் ஆகிய சுற்றுகள், எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் ஒருபோதும் பலியாகக் கூடாதவை.

குறைப்பு வேலை, கடைசி டேப்பைச் சுற்றியதோடு முடிந்ததாகாது. மூலவண்டியின் வரைபடம் இனி இவ்வண்டிக்குப் பொருந்தாதாகையால், எஞ்சியுள்ள ஒவ்வொரு கம்பியின் நிறம், கனம், ஃபியூஸ், இரு முனைகளின் இடம், புதிதாக இட்ட இணைப்புகள் ஆகியவற்றைக் காட்டும் புதிய வரைபடம் எழுதப்பட வேண்டும். அது வண்டியின் பதிவுச் சான்றைப் போலவே பேணப்பட்டு, வண்டி விற்கப்படும்போது அடுத்த உரிமையாளருக்கும் சேர வேண்டியது. பின்னாளில் பழுது பார்க்க வரும் வயர்மேன், முன்னவர் செய்த வேலையை ஊகிக்காமல் அறிந்து தொடர்வதற்கு அதுவே ஆதாரம்.