அஞ்சலட்டையில் மீயதார்த்த ஓவியம்: மூலமும் படியும்

முன்னுரை

ஓவியப் படிகளைத் தாங்கிய அஞ்சலட்டைகள் கலை வரலாற்றில் பெரும்பாலும் நினைவுப்பொருள்களாகவே கருதப்படுகின்றன. மூல ஓவியமே ஆய்வுக்குரியது, அட்டை அதன் மலிவான படி என்பது இக்கருத்தின் அடிப்படை. 1924இல் ஆந்த்ரே பிரத்தோன் வெளியிட்ட அறிக்கையோடு பாரிசில் உருப்பெற்ற மீயதார்த்தவாத (சர்ரியலிச) இயக்கத்திற்கு இக்கருத்து முழுமையாகப் பொருந்துவதில்லை. அவ்வியக்கத்தார் அஞ்சலட்டையைச் சேகரிப்புப் பொருளாகவும் வெளியீட்டு வடிவமாகவும் கையாண்டனர்.

எலுவாரின் சேகரிப்பு

முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பகுத்து ஒரு பாதியில் செய்தி எழுதும் முறையைப் பிரிட்டன் 1902இல் ஏற்றது. பிற நாடுகளும் அதனைப் பின்பற்றின. இதனால் மறுபக்கம் முழுவதும் படத்துக்கு உரியதாயிற்று. இத்தகைய அட்டைகளைச் சேகரித்த கவிஞர் போல் எலுவார், 1933இல் 'மினோத்தோர்' இதழில் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவர் அவற்றை மக்கள் கலையாகக் கொள்ளவில்லை. ஆயினும், அவ்வணிகப் பொருளினூடே சிற்சில வேளைகளில் கவித்துவம் வெளிப்படுவதை ஒப்புக்கொண்டார்.

1937ஆம் ஆண்டு வரிசை

இயக்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் யூஞே 1937இல் 21 அட்டைகள் கொண்ட வரிசையொன்றை வெளியிட்டார். மார்செல் துஷாமின் பாரிஸ் காற்று அடைத்த கண்ணாடிக் குப்பி, டோரா மாரின் ஒளிப்பட ஆக்கம் ஆகியன அதில் இடம்பெற்றன. மறுபதிப்பால் கலைப்பொருளின் ஒளிவட்டம் மங்குகிறது என்று வால்டர் பெஞ்சமின் வாதிட்ட கட்டுரை இதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்தது. ஆனால் 1919இல் உருவான துஷாமின் குப்பி, மருந்துக்கடைப் பொருளிலிருந்து ஆக்கப்பட்டது. டோரா மாரின் ஆக்கமோ தோற்றத்திலேயே ஒளிப்படம். ஓவியனின் கைவண்ணத்தை மதிப்பின் அளவுகோலாகக் கொள்ளாத இவ்வாக்கங்கள் அட்டையாவதால் இழப்பது குறைவு.

அருங்காட்சியக அட்டை

அருங்காட்சியகங்கள் விற்கும் அட்டைகளின் நிலை வேறு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1934 முதல் உள்ள சல்வதோர் தாலியின் 'நினைவின் நிலைபேறு' (1931) 24.1 × 33 செ.மீ. அளவே உடையது. தூரிகைத் தடம் தெரியாத அதன் வழவழப்பான பரப்பு அச்சுக்கு இசைகிறது. எனினும் 10 × 15 செ.மீ. அட்டையின் விகிதம் வேறுபடுவதால், வெள்ளை விளிம்பு விடப்பட வேண்டும்; இல்லையேல் ஓவியத்தின் ஒரு பகுதி வெட்டுப்படும்.

ரெனே மாக்ரித்தின் 'படிமங்களின் துரோகம்' (1929) ஓவியத்தில், இது புகைக்குழாய் அன்று என்னும் வாசகம் படத்தினுள்ளேயே அமைந்துள்ளது. ஆகவே அட்டையிலும் அது நீங்குவதில்லை. மாறாக, அட்டையில் இருப்பது புகைக்குழாயும் அன்று, மூல ஓவியமும் அன்று என அதன் பொருள் இரட்டிக்கிறது. தலைப்போ அட்டையின் பின்புறத்திற்குச் செல்கிறது. படத்துக்கும் தலைப்புக்கும் இடையிலான முரணைப் பொருளாக்கிய ஓவியரிடத்தில் இப்பிரிவு சிறிய மாற்றமன்று.

முடிவுரை

1937ஆம் ஆண்டு வரிசையில் அட்டையே வெளியீடு. அருங்காட்சியக அட்டையோ வேறிடத்திலுள்ள மூலத்தைச் சுட்டுவது. 'படி' என்னும் ஒரே சொல் இவ்வேறுபாட்டை மறைக்கிறது. எனவே, இவ்வட்டைகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வு, முன்புறப் படத்தோடு நில்லாமல், பதிப்பாளர், விளிம்பு, பின்புற வாசகம், அஞ்சல் முத்திரை ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும்.