இட்டேரி முதல் நெடுஞ்சாலை வரை: திருப்பூர் வட்டாரத்தின் பழனிப் பாதயாத்திரை

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம் பகுதிகளிலிருந்து தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் ஒட்டிப் பழனிக்கு நடந்து செல்லும் வழக்கம் கொங்குநாட்டின் பெரிய நடைப்பயண மரபு. திருப்பூரிலிருந்து கொடுவாய், குண்டடம், தாராபுரம் வழியாகப் பழனி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். காங்கேயம், ஊதியூர் வழியாக வருவோர் தாராபுரத்தில் இவர்களுடன் சேர்ந்துகொள்வார்கள். பெரும்பாலான குழுக்கள் இரண்டு அல்லது மூன்று நாட்களில் மலையடிவாரத்தை அடைகின்றன.

பழனியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. பாலசுப்பிரமணியக் கவிராயரின் தலபுராணம், போகர், நவபாஷாணச் சிலை, அருணகிரிநாதர் என்று மலைமேல் உள்ளவை பற்றிய செய்திகளுக்குக் குறைவில்லை. மலைக்கு வந்து சேர்ந்தவர்கள் எப்படி வந்தார்கள், வழியில் என்ன பட்டார்கள், அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பது அந்த நூல்களின் அக்கறைக்கு வெளியே நின்றுவிட்டது. சாலை மாறியபோது நடப்பவரின் துன்பமும் மாறியது, அதற்கான கைமருந்தும் மாறியது. கொங்குப் பாதயாத்திரையின் வரலாற்றை அந்த மாற்றங்களின் வழியே ஓரளவு மீட்டெடுக்க முடியும்.

ஏன் பழனி

திருப்பூரைச் சுற்றி முருகன் குடியிருக்கும் குன்றுகள் பல. அலகுமலை, ஊத்துக்குளி கதித்தமலை, காங்கேயத்துச் சிவன்மலை, சற்றுத் தள்ளிச் சென்னிமலை, வெள்ளகோவில் அருகே வட்டமலை. சிவன்மலையில் தைப்பூசத் தேரோட்டமே விமரிசையாக நடக்கிறது. வீட்டுக்கு அருகிலேயே தேர் ஓடும்போது மூன்று நாள் நடந்து போவானேன் என்று கேட்டால், வட்டாரத்து மக்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை என்பதே பதில். பக்கத்து மலைக்குப் போவது வழிபாடு. பழனிக்குப் போவது வேண்டுதல். வேண்டுதலில் தூரமும் ஒரு பகுதி.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய மாவட்ட எல்லைகளைக் கொண்டு பார்த்தால் பழனி திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஆனால் மரபான நாட்டுப் பிரிவுகளில் அது கொங்கு இருபத்துநான்கு நாடுகளுள் ஒன்றான வையாபுரி நாட்டுக்கு உரியது. கொங்கு வேளாண் குடிகளுக்கு அது தங்கள் நாட்டின் தென்கோடி மலை.

இம்மரபில் இரண்டு பருவங்கள் உண்டு. தைப்பூசம் அறுவடை முடிந்த குளிர்காலத்தில் வருகிறது, அதன் தேர் பெரியநாயகி அம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஓடுகிறது. பங்குனி உத்திரம் வெயில் ஏறும் காலம். அப்போது கொங்கு மக்கள் கொடுமுடியில் காவிரி நீரை முகந்து தீர்த்தக் காவடியாகக் கட்டிப் பழனிக்குச் சுமந்து செல்கிறார்கள். வெயில் தொடங்கும் மாதத்தில் தெய்வத்தைக் குளிர்விக்க நீர் கொண்டுபோவது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். நடப்பவரின் கோணத்தில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பயணங்கள். ஒன்றில் பனி, மற்றொன்றில் தார் கொதிக்கும் வெயில், அதோடு சிந்தக்கூடாத சுமை.

இதே மலைக்குக் கிழக்கிலிருந்து செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடி, நத்தம் வழியே காவடி கொண்டு வருகிறார்கள். வடக்கிலிருந்து எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் வந்து மலைமேல் இரவு தங்கும் உரிமையோடு வழிபடுகிறார்கள். அவ்விரு குழுக்களுக்கும் கட்டுக்கோப்பான அமைப்பும் நெடிய நினைவும் உண்டு. திருப்பூர் வட்டார நடை அப்படி ஒரே அமைப்பின்கீழ் வந்ததில்லை. ஊருக்கு ஒரு குழு, இப்போது கம்பெனிக்கு ஒரு குழு. அதனாலேயே அதைப் பற்றிய எழுத்துப் பதிவும் குறைவு.

இட்டேரியும் முள்ளும்

தார்ச்சாலைக்கு முந்தைய கொங்கின் வழி இட்டேரி. இருபுறமும் கள்ளியும் கிளுவையும் வேலியாக நிற்க, நடுவே மாட்டுவண்டி போகும் அகலத்தில் செல்லும் மண்பாதை அது. காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளில் வெள்வேல மரங்கள் நிற்கும். அவற்றின் முள்ளும் தரையில் படர்ந்த நெருஞ்சியும்தான் அன்றைய நடையின் முதல் எதிரி. கொங்கு விவசாயிகள் அரைஞாணிலோ மடியிலோ முள்வாங்கி வைத்திருந்தது அலங்காரத்துக்காக அல்ல. முள்ளை உடனே எடுக்காவிட்டால் மறுநாள் கால் வீங்கும், ஏர் பிடிக்க முடியாது.

ஆனால் இட்டேரிக்கு ஒரு நன்மை இருந்தது. புழுதி மண் மெத்தென்று இருக்கும், வேலி நிழல் தரும், எதிரே வரக்கூடியது அதிகபட்சம் ஒரு வண்டி. அன்று நடந்தவர்களின் உள்ளங்கால் ஆண்டு முழுவதும் வெறும் மண்ணில் மிதித்துக் காய்த்துப்போனது. 80 கிலோமீட்டர் என்பது அவர்களுக்குச் சந்தைக்குப் போவதைவிடக் கொஞ்சம் நீண்ட நடை. குழுவுடன் ஒன்றிரண்டு வண்டிகள் அரிசி, பாத்திரம், நடக்க முடியாத முதியவர்கள் ஆகியோரைச் சுமந்து வந்தன.

தாராபுரம் இவ்வழியின் இயல்பான தங்குமிடம். அமராவதியில் குளியல், கரையில் சமையல், இரவுத் தூக்கம். 1799-க்குப் பிறகு கம்பெனி ஆட்சி கோயம்புத்தூர்ப் பகுதியை இரு மாவட்டங்களாகப் பிரித்தபோது தென்பகுதிக்குத் தாராபுரமே தலைமையிடமாக இருந்தது. 1804-இல் இரண்டும் இணைக்கப்பட்ட பிறகும் அவ்வூர்ச் சாலைகளின் முக்கியத்துவம் குறையவில்லை.

கொள்ளைநோயும் அரசும்

முள்ளைவிடக் கொடியது வழித் தண்ணீர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிழாக் கூட்டத்தையும் காலராவையும் சேர்த்தே அரசு பார்த்தது. குளத்திலும் கிணற்றிலும் ஆயிரக்கணக்கானோர் குளித்து, அதே நீரைக் குடித்து, நோயோடு ஊர் திரும்பினார்கள். யாத்திரை செல்பவர் வேண்டுதலோடு போகிறாரா, நோயோடு வருகிறாரா என்பதுதான் அன்றைய சுகாதார அதிகாரிகளின் கேள்வி.

இந்தப் பார்வை மிகக் கடுமையாக வெளிப்பட்ட இடம் கடலுக்கு அப்பால் உள்ள இன்னொரு முருகன் தலம். இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கடற்கரையை ஒட்டியே கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள். முழுத் தூரமும் நடப்பவர்களுக்கு ஒன்றரை மாதம் வரை ஆகும். உகந்தைக்குப் பிறகு குமண, யால காடுகள், ஊரும் இல்லை, கடையும் இல்லை. காலராவை முன்னிட்டு ஆங்கில அரசு கதிர்காம யாத்திரைக்குத் தடைகளும் கட்டுப்பாடுகளும் விதித்தது. கொழும்பில் 1874-இல் தொடங்கிய ஆடிவேல் விழா அந்தத் தடையின் விளைவு என்பர். அந்த நடை பின்னர் 1983 கலவரத்தோடு நின்று, 1988-இல் கிழக்கிலிருந்து மீண்டும் தொடங்கியது.

பழனி நடைக்கு அத்தகைய முழுத்தடை வழக்கமாகவில்லை. கொங்குச் சாலையில் சில கிலோமீட்டருக்கு ஓர் ஊர் இருந்தது. கிணறு இருந்தது. தண்ணீர்ப்பந்தல் வைப்பது பழைய தருமம். கதிர்காமத்துக்கு நடப்பவர் தண்ணீரையும் அரிசியையும் சுமந்து காடு கடக்கவேண்டும். பழனிக்கு நடப்பவர் காவடியை மட்டும் சுமந்தால் போதும். 1939-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கப்பட்டது. குடிநீர், கழிப்பிடம், நோய்த் தடுப்பு ஆகியவை அதன் வரம்புக்குள் வந்தன.

நடக்கத் தேவையில்லாத காலம்

1928-இல் திண்டுக்கல் – பொள்ளாச்சி ரயில்பாதை பழனி வழியே திறந்தது. அதன்பின் பேருந்துகள் வந்தன. 1966-இல் மலையேற இழுவை ரயிலும் 2004-இல் ரோப்காரும் வந்தன. நடை மெல்ல ஓய்ந்துபோயிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. முன்பு நடந்தவர்களில் பலருக்கு வேறு வழி இல்லை. இன்று நடப்பவர்கள் தாங்களே தேர்ந்துகொண்டு நடக்கிறார்கள்.

திருப்பூரின் பனியன் தொழில் இதில் தன் பங்கைச் செலுத்தியது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்கள் தங்கள் வேண்டுதல்களையும் கொண்டுவந்தார்கள். பொங்கலுக்குக் கம்பெனிகள் விடும் நீண்ட விடுமுறையை அடுத்துத் தைப்பூசம் வருவது வசதியாயிற்று. 2021 முதல் தைப்பூசம் தமிழ்நாட்டில் அரசு விடுமுறை. குழுவின் பெயரும் வேலும் அச்சிட்ட பனியன் இப்போது மாலை, துண்டு போலவே யாத்திரை உடையாகிவிட்டது, அச்சடிக்கும் ஊரே இதுவல்லவா!

உள்ளங்கால்

பிரச்சினை காலில் தொடங்குகிறது. ஒன்றரை ஷிப்ட் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கும், செக்கிங் டேபிளில் செருப்போடு நிற்பவருக்கும் பாட்டனின் காய்த்த கால் இல்லை. விரதமோ வெறுங்காலைக் கேட்கிறது. தார்ச்சாலை மண்ணைப் போல இடம் கொடுக்காது, ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் திரும்பி வருகிறது. ஓரத்து ஜல்லி குத்துகிறது. தை மாதத்திலும் நண்பகலில் தார் சுடும்.

கொப்புளம் சூட்டால் மட்டும் வருவதல்ல. ஈரமும் உராய்வும் சேர்ந்தால் தோலின் மேலடுக்கு கீழடுக்கிலிருந்து பிரிந்து இடையில் நீர் கட்டுகிறது. குளித்த காலைத் துடைக்காமல் நடையைத் தொடர்பவருக்கு அது விரைவில் வரும். குழுவின் மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் அறிவுரை, காலை நன்றாக உலர்த்திவிட்டு எழுந்திரு என்பதுதான். தொடை உரசலுக்குத் தேங்காய் எண்ணெய், தங்குமிடத்தில் உப்புப் போட்ட வெந்நீரில் கால் ஊறவைத்தல், வெடிப்புக்கு விளக்கெண்ணெய் ஆகியவை வீட்டு மருந்துகள். கொப்புளத்தில் ஊசியால் நூலைக் கோத்து நீர் வடியவிடும் பழைய முறையும் இருக்கிறது. உடனடி நிம்மதி தரும். ஆனால் சாலைப் புழுதியில் வெறுங்காலோடு நடப்பவருக்கு அந்த நூலே சீழுக்கு வழிவிடும். உடைக்காமல் மூடிக் கட்டுவதே நல்லது.

செருப்பும் இல்லாமல் வெறுங்காலும் இல்லாமல், காலுறை மட்டும் அணிந்து நடப்பவர்களை இப்போது காணலாம். இது விரதத்தை மீறுவதா என்ற விவாதம் குழுக்களில் எழுவதுண்டு. இளைஞர்களுக்கு அது விவாதமாகவே இருக்கட்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அப்படி இல்லை. நரம்பு மரத்துப்போன பாதம் சூட்டையும் முள்ளையும் உணராது. நடை முடிந்த பிறகுதான் புண் தெரியும், அது ஆறாமல் விரலை இழக்கும் நிலைக்கும் போகலாம். முருகன் கேட்டது வெறுங்காலா, வரவா என்பதை அத்தகையவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்வது நல்லது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்குக் கால்புண் என்பது வாரச் சம்பளம் இல்லாத இரண்டு சனிக்கிழமைகள்.

இரவும் சாலையும்

வெயிலுக்கு அஞ்சி மக்கள் இரவில் நடக்கிறார்கள். பின்மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை, மீண்டும் விடியலுக்கு முன்பிருந்து காலை வெயில் ஏறும்வரை. பனிக்குத் தலையில் துண்டு, குழந்தைகளுக்குக் குரங்குக் குல்லா. தூக்கக் கலக்கத்தில் கால் தானாக நடக்கும் நேரம் இது. இன்றைய நடையின் ஆகப்பெரிய ஆபத்தும் இந்த நேரத்தில்தான்: பின்னாலிருந்து வரும் வண்டி. பாட்டன்களின் காலத்து முள்ளும் காலராவும் போய், யாத்திரிகரைக் கொல்வது இப்போது சாலை விபத்து. காவல்துறையினர் பைகளிலும் கைத்தடிகளிலும் ஒளிரும் பட்டை ஒட்டுகிறார்கள். திண்டுக்கல் பக்கத்துச் சாலையில் பாதயாத்திரை செல்வோருக்கெனத் தனி நடைபாதை அமைக்கப்பட்டது. வடக்கிலிருந்து வரும் கொங்கு வழிகளில் பெரும்பகுதி சாலையின் ஓரமே பாதை. எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்புறமாக, ஒற்றை வரிசையில் நடப்பது உயிர் காக்கும். பாட்டுப் பாடிக்கொண்டு மூவர் நால்வராகச் சேர்ந்து நடப்பதில்தான் நடையின் மகிழ்ச்சி இருக்கிறது என்பதால் இது எளிதில் கடைப்பிடிக்கப்படுவதில்லை.

பெண்கள் பெருமளவில் நடக்கத் தொடங்கியது இம்மரபின் பெரிய மாற்றம். அன்னதானப் பந்தல்கள் வழிநெடுக முளைத்த அளவுக்குக் கழிப்பிடங்கள் முளைக்கவில்லை. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மூன்று நாள் நடையில் அது மயக்கமாகவும் சிறுநீர்த் தொற்றாகவும் திரும்பி வருகிறது. சோறு போடுவதற்கு முன்வரும் நன்கொடையாளர் கழிப்பறைக்கு முன்வருவதில்லை. பெட்ரோல் பங்கும் திருமண மண்டபமும் கதவைத் திறந்துவிட்டால் அதுவே பெரிய உதவி.

பழனியை அடைந்ததும் சண்முகநதியில் குளித்து, திருஆவினன்குடியை வணங்கி, கிரிவலம் வந்து மலையேறுவது முறை. மலைக்குப் படிகள் ஏறத்தாழ 690. தைப்பூசக் கூட்டத்தில் யானைப்பாதை வழியே ஏற்றி, படிப்பாதை வழியே இறக்குவது வழக்கம். யானைக்காக அமைத்த சரிவான பாதை, மூன்று நாள் நடந்த முழங்காலுக்கும் ஏற்றது. படியில் இறங்கும்போதுதான் தொடைத் தசை நடுங்கும். அங்கே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்குபவர்களைப் பார்த்தால் அவர்கள் நடந்துவந்தவர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

முற்காலத்து யாத்திரிகருக்கு நடை அங்கே பாதிதான் முடிந்திருக்கும். பஞ்சாமிர்தத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு அதே இட்டேரியில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். இன்று அடிவாரத்திலிருந்து பேருந்து ஏறினால் அன்றைக்கே திருப்பூர்.